லாரி கிரேன்: லீவரைத் தொடும் முன்

சிங்கப்பூர் கட்டுமானத் தளங்களில் லாரி கிரேன் இயக்குபவர்களில் தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் உண்டு. பயிற்சிக்கு வரும்போதே பலருக்கு லீவர் கைவந்திருக்கும். அதனால் என் வகுப்பு லீவரில் தொடங்குவதில்லை. லாரி சாயாமல் தாங்கும் பக்கவாட்டுக் கால்களான அவுட்ரிகர்களை ஊன்றும் தரையில் தொடங்கும்.

மேலே கெட்டியாகத் தெரியும் தரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தளத்தில் கேட்டே ஆக வேண்டும். புதிதாக மூடிய குழி, வாய்க்கால் மூடி, மழையில் ஊறிய புல்தரை மூன்றுமே வண்டியைச் சாய்த்துவிடும். டிசம்பர் மழைக்காலத்தில் காலையில் தாங்கிய மண் மாலையில் உள்வாங்கும். காலுக்கு அடியில் அகலமான இரும்புத் தகடு வைத்தால் பளு பரவும். இடமில்லை என்று அவுட்ரிகரைப் பாதி நீட்டினால், எவ்வளவு தள்ளி எவ்வளவு தூக்கலாம் என்று காட்டும் லோடு சார்ட்டில் முழு நீட்டத்துக்கான எண்கள் செல்லாது.

வகுப்பு அதிகம் தடுமாறுவது அந்தச் சார்ட்டில்தான்.

"மூணு டன் கிரேன்தானே அண்ணே, ஒரு டன்னைத் தூக்காதா?" என்பார்கள். அந்த மூன்று டன், கிரேனின் கையான பூமை உள்ளிழுத்து லாரியை ஒட்டித் தூக்கும்போது மட்டும். ஒரு டன் பளு 3 மீட்டர் தள்ளித் தொங்கினால் கிரேனைக் கவிழ்க்கப் பார்க்கும் திருப்புத்திறன் 3 டன்-மீட்டர். அதே பளு 6 மீட்டருக்குப் போனால் 6. பளுவைக் கட்டும் ஸ்லிங், அதை மாட்டும் ஷேக்கிள் இரண்டின் எடையையும் பளுவோடு சேர்க்க வேண்டும்.

ஸ்லிங்கிலும் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. இரண்டு கால் ஸ்லிங்கில் ஒரு டன்னைக் கட்டும்போது, கால்களுக்கு இடையில் 60 பாகை இருந்தால் ஒவ்வொன்றும் சுமார் 580 கிலோ இழுவையைத் தாங்கும். 120 பாகைக்கு விரித்தால் ஒவ்வொன்றிலும் முழு ஒரு டன். நீளமான ஸ்லிங் போட்டால் கோணம் குறையும்.

சிங்கப்பூரின் 2011-ஆம் ஆண்டு கிரேன் இயக்க விதிகள் தூக்கும் வேலைக்குத் திட்டம், சூப்பர்வைசர், பளுவைக் கட்டும் ரிக்கர், சைகை காட்டும் சிக்னல்மேன் எல்லாம் கேட்கின்றன. ஆனாலும் தளத்தில் நான்கு பேர் ஒரே நேரத்தில் கை காட்டுவதும் நடக்கும். சிக்னல் ஒருவரிடமிருந்துதான் வர வேண்டும். 'நிறுத்து' மட்டும் யார் காட்டினாலும் நிறுத்திவிட வேண்டும்.

வேலை முடிந்த அவசரத்தில் பூமைச் சரியாக மடிக்காமல் கிளம்பினால் மேம்பாலமோ நடைபாலமோ இடிக்கும். சிங்கப்பூரில் 4.5 மீட்டருக்கு மேல் உயரமான வண்டி சாலையில் ஓட அனுமதி வேண்டும். ஆகவே லாரியை ஒருமுறை சுற்றி வந்து, பூம் மடிந்திருக்கிறதா, இருபக்க அவுட்ரிகர் பூட்டும் விழுந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே வண்டியை எடுக்கச் சொல்கிறேன்.