திராட்சை நாட்டில் மிதிவண்டிச் சுற்றுலா: கிராமத்திற்கு மிஞ்சுவது எவ்வளவு?

பிப்ரவரி மாதம் பிறந்ததும் மும்பை மாநகரின் மாதுங்கா கடைத்தெருவிலும், செம்பூர்ச் சந்தையிலும், தாராவி 90 அடிச் சாலையின் தள்ளுவண்டிகளிலும் விதையில்லாப் பச்சைத் திராட்சை குவியத் தொடங்குகிறது. அங்கு வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது பழகிய காட்சியாகும். இப்பழம் பெருமளவில் விளையும் நாசிக் மாவட்டம் ஏறத்தாழ 170 கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளது. மாநகரவாசிகள் விடுமுறைக்கு அங்குச் செல்வதும், சிலர் குழுவாகச் சேர்ந்து மிதிவண்டியில் தோட்டங்களைச் சுற்றி வருவதும் இன்று வழக்கமாகியுள்ளன. இப்பயணத்தால் பயணிக்குக் கிடைக்கும் இன்பம் தெளிவானது. உழவனுக்குக் கிடைக்கும் பயன் யாது என்பதே ஆராயத்தக்கது.

நிலமும் பயிரும்

கசாரா மலைப்பாதையைக் கடந்து இகத்புரியை அடைந்தவுடன் காற்றின் தன்மை மாறிவிடுகிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் உயரத்தில் அமைந்த நாசிக் பீடபூமியில் குளிர்கால இரவுகள் குளிர்ந்தும், பகல்கள் வெயில் நிறைந்தும் இருக்கும். திராட்சையில் இனிப்பும் புளிப்பும் சமநிலை பெற இது துணைபுரிகிறது. தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை ஆண்டில் ஒரு முறைக்கு மேல் அறுவடையாகிறது. நாசிக்கில் கொடியை இருமுறை கவாத்து செய்தாலும் அறுவடை ஒன்றுதான். ஏப்ரல் கவாத்து கிளைகளை உருவாக்குகிறது. அக்டோபர் கவாத்து காய்ப்பைத் தருகிறது. ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை நடைபெறுகிறது. ஆகவே, ஆண்டு முழுவதும் செய்த செலவை உழவர் இந்தச் சில வாரங்களில் மீட்டாக வேண்டும். 2014ஆம் ஆண்டு பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மராட்டிய மாநிலத்தில் பெய்த ஆலங்கட்டி மழை, அறுவடைக்கு நின்ற பயிரை அழித்ததை இங்கு நினைவுகூரலாம்.

ஒயின் தொழில் கற்ற பாடம்

நாட்டில் விளையும் திராட்சையில் மிகப் பெரும்பகுதி உண்பதற்கும் உலர்த்துவதற்குமே பயன்படுகிறது. ஒயினுக்குச் செல்வது சிறு பங்கே. 2001ஆம் ஆண்டில் மராட்டிய அரசு திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்கெனத் தனிக் கொள்கையை வகுத்தது. கலால் வரிச் சலுகை வழங்கப்பட்டது. நாசிக் மாவட்டம் விஞ்சூரிலும், சாங்லி மாவட்டம் பலூசிலும் ஒயின் பூங்காக்கள் நிறுவப்பட்டன. ஆலைகள் உழவருடன் ஒப்பந்தம் செய்து, பழத்தின் சர்க்கரை அளவைப் பொறுத்து விலை கொடுத்தன. முன்கூட்டியே விலை தெரிந்ததால் பலரும் ஒயின் இரகங்களுக்கு மாறினர்.

2008ஆம் ஆண்டின் உலகப் பொருளாதார மந்தமும், அவ்வாண்டு நவம்பரில் மும்பையில் நடந்த தாக்குதலும் விடுதித் தொழிலையும் ஒயின் விற்பனையையும் ஒருசேரப் பாதித்தன. ஆலைகளில் சரக்கு தேங்கியது. ஒயின் இரகப் பழம் சிறியது, விதையுள்ளது, தடித்த தோலுடையது; ஆலை வாங்காவிடில் அதைத் தள்ளுவண்டியில் விற்க இயலாது. கொடிகளையே பிடுங்கியெறிந்த உழவரும் உண்டு. ஒரே வாங்குவோரை நம்பி நிற்பது எத்துணை ஆபத்தானது என்பதே இதன் பாடம். பண்ணைச் சுற்றுலாவை இந்தப் பின்னணியில் வைத்தே மதிப்பிட வேண்டும்.

மூன்று நாள் பாதை

மிதிவண்டிகளைச் சிறு லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, குழுவினர் இரயிலில் நாசிக் ரோடு நிலையத்தை அடையலாம். முதல் நாள் கோதாவரியின் குறுக்கே அமைந்த கங்காபூர் அணையை ஒட்டிய சாலை. இப்பகுதியில்தான் பெயர்பெற்ற ஒயின் ஆலைகள் உள்ளன. இரண்டாம் நாள் திண்டோரி வழியாகப் பிம்பள்காவ் பஸ்வந்த். திராட்சையும் தக்காளியும் நிறைந்த வழி. மூன்றாம் நாள் வெங்காயச் சந்தைக்குப் புகழ்பெற்ற லாசல்காவ், பின்னர் விஞ்சூர், இறுதியில் நாந்தூர் மத்மேஷ்வர். கோதாவரியும் கட்வாவும் கூடும் இந்த நீர்நிலை பறவைகளின் புகலிடம். 2020இல் மராட்டிய மாநிலத்தின் முதல் ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்டது. ஒயின் சுவைப்பதை அன்றைய பயணம் முடிந்த பின்னரே வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. மது அருந்தாதவருக்கும் இப்பாதையில் காணவும் கற்கவும் குறைவில்லை.

வரவுக் கணக்கு

பேருந்தில் வரும் பயணி பெரிய ஆலையில் இறங்கி, அங்கேயே உண்டு, அங்கேயே வாங்கி, மாலையில் திரும்பிவிடுகிறார். இடைப்பட்ட கிராமங்கள் அவருக்குச் சன்னல் காட்சி மட்டுமே. மிதிவண்டியில் வருபவரோ பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு ஒரு முறை நின்றே தீர வேண்டும். நீர், தேநீர், நிழல், பழுதுபார்ப்பு யாவும் அவருக்குத் தேவை. 12 பேர் கொண்ட குழு மூன்று பகலும் இரண்டு இரவும் தங்குவதாகக் கொள்வோம். ஒருவருக்கு ஏழு வேளை எனில் 84 வேளை உணவும், 24 பேருக்கான இரவுத் தங்கலும் தேவைப்படும். இவற்றைப் பண்ணை வீடுகள் வழங்கினால், சோளம், கம்பு, காய்கறி, பால் அனைத்தும் சந்தைக்குப் போகாமலேயே விலை பெறுகின்றன. உலர்திராட்சையையும் இடைத்தரகரின்றி விற்கலாம்.

இவ்வருவாய் தானாகவே சமமாகப் பங்கிடப்படுவதில்லை. காய்களைக் கலைத்துவிடுவதும் குலை வெட்டுவதும் பெரும்பாலும் கூலிப் பெண்களின் பணி. சுர்காணா, பேட் வட்டங்களின் பழங்குடிக் குடும்பங்கள் பருவகாலத்தில் இத்தோட்டங்களுக்கு வேலைக்கு வருகின்றன. சமையல், வழிகாட்டல், மிதிவண்டி பழுதுபார்த்தல் ஆகியவற்றில் இவர்களுக்கு இடம் கிடைக்காவிடில், சுற்றுலாவின் பயன் நிலமுடையவரின் வாயிலோடு நின்றுவிடும்.

செய்யத்தக்கவை

இத்தாலி நாடு 1985ஆம் ஆண்டிலேயே பண்ணைச் சுற்றுலாவுக்குத் தனிச் சட்டம் இயற்றியது. வேளாண்மையே முதன்மைத் தொழிலாக நீடிக்க வேண்டும், விருந்தோம்பல் அதற்குத் துணையாக அமைய வேண்டும் என்பது அதன் அடிப்படை. மராட்டிய அரசும் 2020இல் வேளாண் சுற்றுலாக் கொள்கையை ஏற்றது. பண்ணை வீட்டில் தூய்மையான கழிப்பிடம், பாதுகாப்பான குடிநீர், ஓரிரண்டு அறைகள் ஆகியவற்றுக்குச் சிறுகடன் கிடைப்பதும், கிராமச் சாலைகள் செப்பனிடப்படுவதும், மகளிர் சுயஉதவிக் குழுக்கள் உணவுப் பொறுப்பை ஏற்பதும் இக்கொள்கைக்கு உயிரூட்டும்.

சுற்றுலா ஆலங்கட்டி மழையைத் தடுக்காது. பழத்தின் விலையையும் நிர்ணயிக்காது. ஆயினும், ஒரே அறுவடையையும் ஒரே ஆலையையும் நம்பியிருக்கும் குடும்பத்திற்கு இரண்டாவது வருவாய் ஒன்று இருப்பது சிறிய செய்தியன்று. மாநகரிலிருந்து செல்வோர் எவ்வளவு தூரம் மிதித்தனர் என்பதைவிட, எத்தனை வீட்டு வாசலில் இறங்கினர் என்பதைப் பொறுத்தே இப்பயணத்தின் பயன் அமையும்.