வாழைத் தண்டுக் கூன்வண்டின் இளம் பருவங்கள்

குலை தள்ளிய வாழைமரம் பெருங்காற்று வீசாத நாளிலும் நடுத்தண்டில் முறிந்து சாய்வதுண்டு. முறிந்த இடத்தைப் பிளந்து நோக்கினால் மட்டைகளினூடே பல திசைகளிலும் சுரங்கங்கள் செல்வதையும், அவற்றுள் பழுப்பு நிறக் கூளமும் அழுகிய சாறும் நிறைந்திருப்பதையும் காணலாம். இச்சேதத்தைச் செய்வது வாழைத் தண்டுக் கூன்வண்டின் புழுவாகும். முறிந்த மரத்தின் குலை முற்றுவதில்லை. அதற்கென்று செலவிட்ட உரமும் நீரும் உழைப்பும் வீணாகின்றன. மரம் சாய்ந்த பின்னர் பூச்சியை இனங்காண்பதால் அந்த மரத்திற்குப் பயனில்லை. எனவே இப்பூச்சியின் முட்டை, புழு, கூட்டுப்புழு ஆகிய மூன்று இளம் பருவங்களையும் முன்னதாகவே அறிந்து வைத்திருப்பது களப்பணியாளருக்கு இன்றியமையாதது. உயிரியல் கற்பிக்கும் ஆசிரியருக்கும் இது உள்ளூரிலேயே கிடைக்கும் நல்லதொரு பாடப்பொருளாகும்.

பெயரும் இனமும்

கூன்வண்டுகள் வண்டினங்களுள் மிகப் பெரிய குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவை. தலையின் முன்பகுதி நீண்டு வளைந்து மூக்குப் போல அமைந்திருப்பது இவற்றின் முக்கிய அடையாளம். அம்மூக்கின் நுனியில் தாடைகளும், பக்கங்களில் முழங்கை போல் மடங்கும் உணர்கொம்புகளும் உள்ளன. உலகில் பல்லாயிரக்கணக்கான கூன்வண்டு இனங்களுக்குப் பெயர் சூட்டப்பட்டுள்ளது. ஆயினும் அவற்றுள் பெரும்பாலானவற்றின் புழு எவ்வாறிருக்கும் என்பது இன்னும் விவரிக்கப்படவில்லை.

இதற்குக் காரணம் உண்டு. பூச்சிகளுக்குப் பெயரிட்ட அறிஞர்கள் பெரும்பாலும் சேகரித்து உலர்த்திய வளர்ந்த வண்டுகளைக் கொண்டே பெயரிட்டனர். வாழைத் தண்டுக் கூன்வண்டை 1807-ல் பிரெஞ்சு அறிஞர் ஒலிவியே விவரித்தார். இன்று அதன் விஞ்ஞானப் பெயர் ஓடோய்ப்போரஸ் லாங்கிகாலிஸ் என்பதாகும். வாழைக் கிழங்கைத் தாக்கும் மற்றொரு கூன்வண்டை 1824-ல் ஜெர்மானிய அறிஞர் கெர்மர் விவரித்தார். அது இன்று காஸ்மோபோலைட்ஸ் சார்டிடஸ் எனப்படுகிறது. இந்தியாவில் இளம் பருவங்களை முறையாக ஆராயும் பணிக்கு டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஜே. சி. எம். கார்ட்னர் பெரிதும் துணை புரிந்தார். இந்திய வண்டினங்களின் இளம் பருவங்களைப் பற்றி அவர் வரிசையாக வெளியிட்ட கட்டுரைகளில், 1934-ல் வெளிவந்த ஒன்று கூன்வண்டுப் புழுக்களைப் பற்றியதாகும்.

அருங்காட்சியகத்தில் பூச்சியின் அடையாளம் வளர்ந்த வண்டு. தோட்டத்திலோ அதன் அடையாளம் புழு. இவ்விரண்டையும் இணைத்து அறிவதே இளம் பருவ ஆராய்ச்சியின் நோக்கமாகும்.

மறையூர்ப் பகுதியின் நிலை

இடுக்கி மாவட்டத்தின் வடகிழக்கில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 1000 மீட்டர் உயரத்தில் மறையூர் அமைந்துள்ளது. மறையூர், காந்தளூர், காரையூர், கீழாந்தூர், கொட்டக்குடி என்னும் ஐந்து ஊர்களும் சேர்ந்து அஞ்சுநாடு என வழங்கப்படுகின்றன. இது மழைமறைவுப் பிரதேசம். இதன் நீரைத் தாங்கிச் செல்லும் பாம்பாறு கிழக்கு நோக்கி ஓடி அமராவதியில் கலக்கிறது. கரும்பும் வெல்லமும் இவ்வூருக்குப் பெயர் தேடித் தந்தவை. மறையூர் வெல்லம் 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. இத்தகைய ஊர்களில் வாழை பெரும்பாலும் வீட்டுப் புறக்கடையிலும் வாய்க்கால் ஓரத்திலும் வளர்கிறது. ஆதலால் தனித்தோட்டத்திற்கு அளிக்கப்படும் கவனிப்பு அதற்குக் கிட்டுவதில்லை.

மறையூர் மூணாற்றிலிருந்து உடுமலைப்பேட்டைக்குச் செல்லும் சாலையில் உள்ளது. கன்று எந்தத் திசையிலிருந்து வந்தாலும் இச்சாலை வழியாகவே வருகிறது. பூச்சி கண்ட தோட்டத்துக் கன்றிலும் வெட்டிய தண்டிலும் வண்டும் புழுவும் மறைந்து வரக்கூடும். கேரளத்தில் 1980-களின் பிற்பகுதியிலிருந்து இவ்வண்டு வாழைக்குப் பெருந்தீங்கு விளைவிக்கும் பூச்சியாக அறியப்பட்டது; நேந்திரன் வாழை இதற்கு எளிதில் இலக்காகிறது. ஆகவே கன்று வாங்குமிடத்திலேயே பூச்சியை இனங்காணத் தெரிந்திருத்தல் மலையூர்களுக்கு மிகவும் பயன் தரும்.

முட்டை

பெண் வண்டு முட்டையை மட்டையின் வெளிப்புறத்தில் ஒட்டி வைப்பதில்லை. வாழை மட்டையைக் குறுக்கே வெட்டினால் உள்ளே சிறு சிறு காற்றறைகள் வரிசையாக இருப்பதைக் காணலாம். பெண் வண்டு தன் மூக்கினால் மட்டையில் சிறு கீறலிட்டு, அவ்வழியே காற்றறைக்குள் முட்டையிடுகிறது. பொதுவாக ஓர் அறைக்கு ஒரு முட்டையே இடும். முட்டை மஞ்சள் கலந்த வெண்ணிறமானது. இரு முனைகளும் மழுங்கிய உருளை வடிவமுடையது. நீளம் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். 3 முதல் 8 நாட்களில் அது பொரிகிறது.

முட்டை கண்ணுக்குத் தெரியாவிடினும் கீறல் தெரியும். தண்டின்மேல் ஊசித்தலை அளவான துளைகளும், அவற்றிலிருந்து கசிந்து பிசின் போல் உறையும் சாறும் முதல் அறிகுறிகளாகும். தெளிவாகத் தோன்றும் இச்சாறு நாளடைவில் கருமையடையும். நட்ட ஐந்தாம் மாதத்திலிருந்து இவ்வறிகுறிகளைத் தேடிப் பார்த்தல் வேண்டும்.

புழு

முட்டையிலிருந்து வெளிவரும் புழு சதைப்பற்றுடையது. மஞ்சள் கலந்த வெண்ணிறமுடையது. உடல் சிறிது வளைந்திருக்கும். தலை கடினமாகவும் கரும்பழுப்பாகவும் இருக்கும். தாடைகள் வலிமை வாய்ந்தவை. இதற்குக் கால்கள் இல்லை. முழு வளர்ச்சியடைந்த புழு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் நீளமிருக்கும்.

அழுகிய தண்டினுள் வேறு சில புழுக்களும் காணப்படும். அவற்றை வேறுபடுத்த எளிய வழி ஒன்று உண்டு. தலையும் தெளிவாக இல்லை, காலும் இல்லை எனில் அது ஈயின் புழு. தலையும் உண்டு, மார்பில் மூன்று இணைக் கால்களும் உண்டு எனில் அது காண்டாமிருக வண்டின் இனத்தைச் சேர்ந்த புழுவாக இருக்கலாம். கடினமான தலை உண்டு, கால் இல்லை எனில் அது கூன்வண்டுப் புழுவாக இருக்கக்கூடும். முதலிரண்டு வகைகளும் பெரும்பாலும் அழுகிய பொருளைத் தின்பவை. அவற்றைக் கண்டு மருந்து தெளிப்பது வீண் செலவாகும்.

இப்புழு நான்கு முறை தோலுரித்து ஐந்து பருவங்களைக் கடக்கிறது. ஒரு புழு எந்தப் பருவத்தில் உள்ளது என்பதை அதன் நீளத்தைக் கொண்டு உறுதியாகக் கூற இயலாது. உடல் உணவைப் பொறுத்துப் பருக்கவும் சுருங்கவும் கூடியது. கடினமான தலைக்கூடோ தோலுரிக்கும்போது மட்டுமே பெரிதாகிறது. ஒவ்வொரு தோலுரிப்பிலும் தலையின் அகலம் சற்றேறக்குறைய ஒரே விகிதத்தில் கூடுகிறது என்பதை அமெரிக்கப் பூச்சியியலாளர் டையர் 1890-ல் எடுத்துக்காட்டினார். கணக்குக்காக ஓர் உதாரணம்: விகிதம் 1.4 எனவும் ஒரு பருவத்தின் தலை அகலம் 1 மில்லிமீட்டர் எனவும் கொண்டால், அடுத்த பருவத்தில் அது 1.4 மில்லிமீட்டரும் அதற்கடுத்ததில் ஏறக்குறைய 2 மில்லிமீட்டரும் ஆகும். பல புழுக்களின் தலையை அளந்து எழுதினால் அளவுகள் தனித்தனிக் கூட்டங்களாகப் பிரிவதைக் காணலாம். அக்கூட்டங்களின் எண்ணிக்கையே பருவங்களின் எண்ணிக்கை.

புழுப் பருவம் ஏறக்குறைய ஒரு மாதம் முதல் இரண்டு மாதம் வரை நீடிக்கும். குளிர்ச்சி மிகுந்த இடங்களில் வளர்ச்சி மெதுவாகும். இளம் புழு முதலில் மட்டையின் மென்மையான பகுதியைத் தின்கிறது. வளர வளர உள்நோக்கித் துளைத்துச் சென்று நடுத்தண்டையும் குலைக் காம்பையும் அடைகிறது. நடுத்தண்டை அடைந்த புழுவை மேலிருந்து தெளிக்கும் மருந்து எட்டுவதரிது. இப்பருவ வரலாற்றிலிருந்து களப்பணியாளர் அறிய வேண்டிய முக்கியமான உண்மை இதுவே.

கூட்டுப்புழு

முற்றிய புழு தின்பதை நிறுத்தி, மட்டையின் நார்த்துண்டுகளைத் தன்னைச் சுற்றிச் சுற்றி உறுதியானதொரு கூடு அமைக்கிறது. அதனுள் அது கூட்டுப்புழுவாக மாறுகிறது. கூட்டுப்புழு வெளிர் மஞ்சள் நிறமானது. அதன் மூக்கும் உணர்கொம்புகளும் கால்களும் இறகுறைகளும் உடலோடு ஒட்டாமல் தனித்தனியே தெரியும். வளர்ந்த வண்டின் உருவம் முதன்முதலாக இங்குதான் புலப்படுகிறது. சில வாரங்கள் கழித்து வண்டு கூட்டைத் துளைத்து வெளிவருகிறது. வண்டு கருமை நிறமாகவோ செம்பழுப்பு நிறமாகவோ இருக்கும். பகலில் மட்டைகளின் இடுக்கிலும் அழுகிய தண்டிலும் ஒளிந்து, இரவில் நடமாடுகிறது, பறக்கவும் வல்லது. பல மாதங்கள் உயிர் வாழக்கூடியது.

இரு கூன்வண்டுகளை வேறுபடுத்தல்

வாழையைத் தாக்கும் இரு கூன்வண்டுகளின் புழுக்களும் வெண்மையானவை, கால் இல்லாதவை. ஆதலின் ஒன்றை மற்றொன்றாகக் கொள்வது எளிது. பின்வரும் வேறுபாடுகளை நினைவிற் கொள்க.

1. இருக்குமிடம்: தண்டுக் கூன்வண்டின் புழு நிலத்திற்கு மேலுள்ள தண்டில் இருக்கும். கிழங்குக் கூன்வண்டின் புழு மண்ணிலுள்ள கிழங்கைத் துளைக்கும்.

2. பருமன்: முற்றிய தண்டுப் புழு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர், கிழங்குப் புழு அதனினும் சிறியது, ஏறக்குறைய 1.2 சென்டிமீட்டர்.

3. கூடு: தண்டுக் கூன்வண்டு நார்க்கூட்டினுள் கூட்டுப்புழுவாகிறது. கிழங்குக் கூன்வண்டு நார்க்கூடு கட்டுவதில்லை; கிழங்கில் குடைந்த அறையிலேயே கூட்டுப்புழுவாகிறது.

4. வண்டு: தண்டுக் கூன்வண்டு பெரியது, பறக்க வல்லது. கிழங்குக் கூன்வண்டு சிறியது, பறப்பது அரிது. பெரும்பாலும் கன்றோடும் மண்ணோடுமே பரவுகிறது.

இவ்வேறுபாட்டை அறியாவிடில் தவறான இடத்தில் மருந்திட நேரும். கிழங்குப் புழுவுக்குக் கன்றைச் சீவித் தூய்மை செய்தல் முதன்மையான பரிகாரம். தண்டுப் புழுவுக்குத் தண்டைக் கண்காணித்தல் முதன்மையானது. கேரள அரசு 2011-ல் கார்போபியூரான், போரேட் முதலிய பூச்சிக்கொல்லிகளுக்குத் தடை விதித்தது. எனவே இனமறியாது குருணை மருந்தை அள்ளியிடும் பழைய வழக்கத்திற்கு இங்கு இடமில்லை.

வகுப்பில் செய்து காண

புழுவின் இனத்தை ஐயமறத் தீர்மானிக்க வேண்டுமாயின் அதை வளர்த்து வண்டாக்கிப் பார்ப்பதே நெடுங்காலமாகக் கையாளப்படும் முறை. மரபணு ஒப்பீட்டால் புழுவையும் வண்டையும் இணைக்க இந்நாளில் இயலுமெனினும், பள்ளிக்கு ஏற்றது வளர்ப்பு முறையே.

பூச்சி தாக்கிய தண்டிலிருந்து ஒரே அளவுள்ள சில புழுக்களை எடுத்து இரு பகுதியாகப் பிரிக்க வேண்டும். ஒரு பகுதியைக் கொதித்து இறக்கிய வெந்நீரில் சிறிது நேரம் இட்டு, பின்னர் 70 சதவீத ஆல்கஹாலில் பாதுகாக்க வேண்டும். வெந்நீரில் இடாவிடின் உடல் கருத்துவிடும். மற்றப் பகுதியைப் புதிய தண்டுத் துண்டுகளோடு அகன்ற வாய்க் கண்ணாடிச் சாடியிலிட்டு, வாயை மெல்லிய கம்பிவலையால் மூடி, இருட்டான இடத்தில் வைக்க வேண்டும். தண்டுத் துண்டு அழுகுமுன் மாற்றுதல் அவசியம். உதிர்ந்த தலைக்கூடுகளைப் பொறுக்கித் தாளில் ஒட்டித் தேதியிட்டு வைத்தால் தோலுரிப்புகளின் வரலாறு தானே உருவாகும். ஒவ்வொரு சாடியிலும் ஊர், தேதி, வாழை இனம், புழு கிடைத்த பகுதி ஆகியவற்றை எழுத வேண்டும். இக்குறிப்பில்லாத மாதிரி ஆராய்ச்சிக்குப் பயன்படாது. பாடம் முடிந்ததும் வண்டுகளை வெந்நீரிலிட்டு அழித்தல் கட்டாயம்.

களப்பணியாளர் கவனத்திற்கு

பருவங்களை அறிந்தால் பரிகாரங்களின் காரணமும் விளங்கும். நட்ட ஐந்தாம் மாதத்திலிருந்து காய்ந்த மட்டைகளை அகற்ற வேண்டும். வண்டு ஒளியுமிடம் குறைவதுடன் கீறலும் கசிவும் கண்ணுக்குப் புலப்படும். தண்டை 30 முதல் 50 சென்டிமீட்டர் நீளத் துண்டுகளாக வெட்டி நெடுக்கே பிளந்து, பிளந்த பக்கம் தரையில் படுமாறு தோட்டத்தில் ஆங்காங்கே வைத்தால் வண்டுகள் அங்கு வந்து சேரும். அவற்றைக் காலையில் பொறுக்கி அழிக்கலாம். பவேரியா பாசியானா என்னும் பூஞ்சாணத்தை இத்துண்டுகளின்மேல் தடவுவதும் பயன் தரும். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்திலுள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் மரவள்ளி இலையிலிருந்து ‘நன்மா’, ‘மென்மா’ என்னும் பூச்சிவிரட்டித் தயாரிப்புகளை உருவாக்கியுள்ளது. இவற்றுள் நன்மா தாக்குதலைத் தடுக்கவும், மென்மா தண்டினுள் செலுத்திப் புழுவை அழிக்கவும் பயன்படுகின்றன.

எல்லாவற்றினும் முக்கியமானது அறுவடைக்குப் பின் செய்ய வேண்டியது. குலை வெட்டிய தண்டை அப்படியே நிற்க விடுவது அடுத்த தலைமுறை வண்டுக்கு வீடு கட்டிக் கொடுப்பதற்கொப்பாகும். அதைச் சிறு துண்டுகளாக வெட்டி வெயிலில் உலர்த்த வேண்டும். ஓர் ஊரில் ஒருவர் மட்டும் இதைச் செய்தால் போதாது. வண்டு பறக்க வல்லதாகையால் அடுத்தடுத்த தோட்டத்தாரும் சேர்ந்து செய்தாலன்றி முழுப்பயன் கிட்டாது.

மாணவர்க்கு வினாக்கள்

1. புழுவின் நீளத்தைக் காட்டிலும் தலையின் அகலம் பருவத்தை அறிய ஏற்றதாவது ஏன்?

2. தண்டினுள் கண்ட புழு ஈயினுடையதா கூன்வண்டினுடையதா என்பதை எவ்வாறு அறிவீர்?

3. நார்க்கூடு கிடைத்த இடத்தில் எந்தக் கூன்வண்டு வாழ்ந்தது? காரணம் கூறுக.

4. முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்டு ஆகிய நான்கனுள் எப்பருவத்தைத் தோட்டக்காரர் எளிதில் தடுக்கலாம்? உங்கள் ஊரிலுள்ள ஒரு வாழைத் தோட்டத்தைப் பார்த்து விடை எழுதுக.