ஏட்டுச் சுவடியும் வியாழக் கோளும்

தமிழ் கற்பிக்கும் ஆசிரியர், வான்கோள்களைப் படம்பிடித்தல் பற்றி எழுதப் புகுந்தது ஏன் என்று இம்மலரைக் கையிலெடுக்கும் பழைய மாணவர் சிலர் வினவக்கூடும். அதற்குரிய விடை போகப் போக விளங்கும். கண்டி மாநகரின் வீட்டு முற்றமொன்றில் நின்று, சிறிய தொலைகாட்டி ஒன்றின் துணைகொண்டு ஒரு கோளைப் படமாக்குவது எங்ஙனம் என்பதை முதற்கண் நோக்குவோம்.

அளவும் இடரும்

முழுமதி வானில் ஏறத்தாழ அரைப் பாகை, அஃதாவது 1800 விகலை அகலமாகத் தோன்றுகின்றது. வியாழனோ பூமிக்கு மிக அணித்தாக வருங்காலத்தும் 50 விகலை அளவினதே. மதியின் குறுக்கே முப்பத்தாறு வியாழன்களை வரிசையாக அடுக்கலாம் என்றால் அதன் சிறுமை புலனாகும். செவ்வாய் மிக நெருங்கும்போதும் 25 விகலையைத் தாண்டுவதரிது.

மொறட்டுவை கட்டுபெத்தையில் உள்ள ஆதர் சி. கிளார்க் நிறுவனத்தின் தொலைகாட்டி 45 சென்ரிமீற்றர் விட்டமுடையது. எம் வானியற் கழகத்து மாணவர் கையாள்வதோ 6 அங்குலக் குழிவாடி கொண்ட சிறு கருவி. ஆயினும் அது முக்கால் விகலை இடைவெளியுள்ள இரு புள்ளிகளை வேறாகக் காட்டவல்லது. வியாழனின் மேகப் பட்டைகளையும் பெருஞ்செம்புள்ளியையும் காண இவ்வாற்றல் போதும். எனவே, தடை கருவியில் இல்லை. நம் தலைக்கு மேலுள்ள காற்றில் உள்ளது. மகாவலியின் ஓடுநீருக்கு அடியிற் கிடக்கும் கூழாங்கல் நெளிந்து நெளிந்து தோன்றுவதுபோல, வெப்பமும் குளிர்ச்சியும் கலந்து அலையுங் காற்றினூடே கோளும் நெளிகின்றது.

இடமும் காலமும்

இவ்வகையில் நம் ஊர் பேறு பெற்றதாகும். கண்டி வட அகலக்கோடு 7 பாகையை அடுத்து அமைந்துள்ளது. ஆதலின் கோள்கள் உச்சிக்கு அணித்தாகவே செல்கின்றன. தென்கோடியில் நிற்கும் ஒரு கோள் இலண்டன் மாநகரில் தொடுவானுக்கு மேல் 16 பாகையளவே எழும். நமக்கோ அதே கோள் 60 பாகைக்கு மேல் நிற்கும். உயரே நிற்குங் கோளின் ஒளி குறைந்த காற்றையே ஊடறுத்து வரும். ஏறத்தாழ 10 பாகையில் அமைந்த பிலிப்பைன்சு நாட்டுச் சேபு நகரிலிருந்து வியாழனைப் படமெடுத்துவரும் கிறித்தோபர் கோ என்பார், 2006 பெப்ரவரியில் அக்கோளின் வெண்ணிற நீள்வட்டப் புள்ளியொன்று செந்நிறமாக மாறியிருப்பதை முதலிற் கண்டு உலகுக்கு அறிவித்தார். தொழில்முறை வானியலாளர் அல்லாத ஒருவர் செய்த பணி அது.

நம் மலைநாட்டில் முகிலே பெரும்பகை. தென்மேற்குப் பருவத்திலும், ஐப்பசி கார்த்திகை மாதங்களின் இடிமழை மாலைகளிலும் கருவியை வெளியே எடுத்தல் வீண். தை முதல் பங்குனி வரையிலான தெளிந்த இரவுகளே ஏற்றவை. பகல் முழுதும் வெயிலுண்ட ஓட்டுக்கூரையும் கொங்கிறீற்றுத் தளமும் இரவில் வெப்பத்தை உமிழும். ஆதலால் புற்றரையில் நிறுத்துதல் நன்று. குழிவாடி புறக்காற்றின் குளிர்ச்சியை அடையும்பொருட்டு ஒரு மணி நேரத்துக்கு முன்பே கருவியை வெளியே வைத்தல் வேண்டும். பணி முடிந்தபின் ஈரம் உலர்த்தி மூடிவைக்காவிடின், கண்டியின் ஈரக்காற்றில் வில்லைகளிற் பூஞ்சணம் படரும். பகலிற் கருவியைச் சூரியன்பால் திருப்புதல் கண்ணையே போக்கிவிடும் என்பதை இளைஞர் ஒருபோதும் மறத்தலாகாது.

பல படம் ஒரு படமாதல்

முன்னாளில் ஒரு படச்சுருளில் ஒரு படம் எடுத்து, காற்று அமைதியுற்ற கணம் வாய்த்ததோ என ஏங்கி நிற்பர். இன்று முறை வேறு. கண்வில்லை இருந்த இடத்திற் சிறு கமராவைப் பொருத்தி, வினாடிக்கு 60 படம் வீதம் இரண்டு நிமிடம் அசைபடம் எடுப்பின் 7200 படங்கள் சேரும். அவற்றுட் பெரும்பாலானவை நெளிந்தவை. சில நூறு மட்டும் காற்று அடங்கிய நொடியில் அமைந்தவை. கணினி அவற்றைத் தேர்ந்து, ஒன்றன்மேலொன்றாகப் பொருத்திச் சராசரி காண்கிறது. 900 படங்களைச் சேர்ப்பின் புள்ளிபுள்ளியாகத் தோன்றும் இரைச்சல் முப்பதில் ஒரு பங்காகக் குறையும். இரண்டு நிமிடத்துக்கு மேல் நீட்டலாகாது. வியாழன் பத்து மணி நேரத்துக்குள் தன்னைத்தானே சுற்றுவதால், அதன் முகமே நகர்ந்து படம் மங்கிவிடும்.

இம்முறையை மாணவர் எமக்கு விளக்கியபோது, இதனை நாம் முன்பே அறிவோம் என்றோம். சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887 இல் கலித்தொகையையும், அதே ஆண்டில் உ. வே. சாமிநாதையர் அவர்கள் சீவக சிந்தாமணியையும் பதிப்பித்தது இவ்வழியிலன்றோ? ஒரு சுவடியில் ஓர் ஏடு செல்லரித்திருக்கும். வேறொன்றில் எழுதினோன் ஓரெழுத்தைப் பிழைத்திருப்பான். ஆனால் எல்லாரும் ஒரே இடத்திற் பிழைப்பதில்லை. பல சுவடிகளை ஒப்புநோக்கும்போது பிழைகள் தம்முள் மாறுபட்டு உதிர, மூலபாடம் நிலைபெறுகின்றது. ஆயின் எல்லாச் சுவடிகளும் பிழையுடைய ஒரே மூலத்தைப் பார்த்து எழுதப்பட்டவையாயின், நூறு சுவடி கூடினும் அப்பிழை நீங்காது. அவ்வாறே, ஆடி கோணியிருக்குமாயின் ஆயிரம் படங்களைச் சேர்த்தாலும் அவ்வழு போகாது.

வழுவும் திருத்தமும்

சேர்த்த படத்தைக் கணினியிற் கூர்மையாக்கும் படி ஒன்று உண்டு. அங்கேதான் ஆபத்து உறைகின்றது.

யூபிலிக் கண்காட்சிக்கென மாணவர் ஒருவர் வியாழனின் படமொன்றைக் கொணர்ந்தார். மேகப் பட்டைகளுக்கிடையே பத்துச் சிறு புள்ளிகள் முத்துப்போல் மின்னின. அதனைப் புகழ்ந்து, மண்டபத்தின் நடுச்சுவரில் இடம் ஒதுக்கியவர் நாமே. இரண்டு நாளின் பின்னரே ஐயம் எழுந்தது. ஒரே சுவடியை நம்பிப் பாடம் கொள்ளலாகாது என்று வகுப்பிற் கற்பிக்கும் நாம், இங்கு மட்டும் நம்பியது எவ்வாறு? அதே இரவில் பத்து நிமிடம் கழித்து எடுத்த அசைபடத்தையும் அதே முறையில் ஆக்கிவரப் பணித்தோம். பத்து நிமிடத்தில் வியாழன் 6 பாகை சுழலும். மெய்யான புள்ளி இரண்டாம் படத்தில் அவ்வளவு நகர்ந்து நிற்றல் வேண்டும். மூன்று புள்ளிகள் அவ்வாறு நின்றன. ஏனைய ஏழும் மறைந்தன. அவை மிகுதியாகக் கூர்மையாக்கியதால் விளைந்த பொய்த்தோற்றம்.

அம்மாணவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின், “ஐயா, மங்கலான படத்தையே வைப்போம், அதில் மூன்றும் உண்மை” என்றார். அவர் பொய் சொல்ல எண்ணியவரல்லர். தாம் காண விரும்பியதைக் கண்டவர். 1877 இல் இத்தாலிய வானியலாளர் சியாப்பரெல்லி செவ்வாயிற் கோடுகளைக் கண்டதாக வரைந்தார். அவற்றைக் கால்வாய்கள் எனக் கொண்ட அமெரிக்கர் லோவெல் நூல்களே எழுதினார். 1965 இல் மரினர் 4 விண்கலம் அனுப்பிய படங்களிற் கால்வாய் ஒன்றும் இல்லை. பேரறிஞருக்கும் நேர்ந்த வழு நம் மாணவருக்கு நேர்ந்ததில் இழிவில்லை. அதனைத் தாமே அறிந்து விலக்கியதிற் பெருமை உண்டு.

நேர்மையான சிறு படத்துக்கு உலகில் மதிப்பும் உண்டு. 2009 யூலை 19 ஆம் நாள், அவுத்திரேலியாவில் அந்தோணி வெசுலி என்பார் தம் வீட்டுத் தொலைகாட்டியில் வியாழனிற் புதிய கருந்தழும்பொன்றைக் கண்டார். ஏதோ ஒரு வான்பொருள் மோதியதன் வடு அது. அவர் சொல் கேட்டே பெருந்தொலைகாட்டிகள் அத்திசை திரும்பின. ஆதலின், படமெடுக்கும் இளைஞர் ஒவ்வொரு படத்தின் அடியிலும் நாள், நேரம், கருவி, செய்த திருத்தம் ஆகியவற்றை எழுதிவைப்பாராக. திருத்தாத மூல அசைபடத்தையும் பேணுவாராக. பதிப்பாசிரியர் பாடபேதங்களை அடிக்குறிப்பில் தருவதும் இதன்பொருட்டே.

கண்காட்சி மண்டபத்தின் நடுச்சுவரில் அம்மங்கலான படமே தொங்குகின்றது. வருகைதரும் பழைய மாணவர், மின்னும் படம் எங்கே என வினவாது, அம்மூன்று புள்ளிகளின் அருகே சற்று நின்று நோக்குமாறு வேண்டுகின்றோம்.