ரத்தக் குழாய்க்குள் ஒரு போக்குவரத்து நெரிசல்



குழாயின் விட்டம் பாதியானால், அதே அழுத்தத்தில் சீராக ஓடும் நீர் 16-ல் ஒரு பங்காகிவிடும் என்று ஹைட்ராலிக்ஸில் படித்தோம் அல்லவா? நம் உடம்புக்குள் ஓடுவதும் குழாய்கள்தான். அங்கே அடைப்பு வந்தால் என்ன ஆகும் என்பதற்கு மலேரியா ஓர் உதாரணம்.

ரத்தச் சிவப்பணுவின் விட்டம் 7 முதல் 8 மைக்ரான். அது நுழைய வேண்டிய நுண்குழாய்களில் சில 5 மைக்ரான்தான். எப்படிப் போகிறது? சப்பாத்தியைச் சுருட்டுகிற மாதிரி தன்னை மடக்கிக்கொண்டு போகிறது.

கடுமையான மலேரியாவைப் பெரும்பாலும் உண்டாக்குவது பால்சிபாரம் என்ற ஒட்டுண்ணி. அது அணுவுக்குள் புகுந்து 48 மணி நேரம் வளர்கிறது. வளர வளர அணு விறைத்துப்போகும். விறைத்த அணு மண்ணீரலுக்குப் போனால் அந்தச் சல்லடையில் மாட்டிக்கொள்ளும். கிருமியின் கதை முடிந்தது. ஆகவே அது ஒரு தந்திரம் செய்கிறது. அணுவின் மேல் சின்னச் சின்ன முண்டுகளை எழுப்பி, அதில் பி.எஃப்.இ.எம்.பி.-1 என்ற புரதத்தைக் கொக்கி போல மாட்டுகிறது. கொக்கி ரத்தக் குழாயின் உட்சுவரைப் பிடித்துக்கொள்ளும்.

உட்சுவர் வெறும் பி.வி.சி. பைப் அல்ல, உயிருள்ள செல்களின் வரிசை. அதிலுள்ள இ.பி.சி.ஆர். என்ற புரதம், ரத்தம் தேவையில்லாமல் உறையாதபடி காக்க உதவுகிறது. சில கொக்கிகள் அதையே பிடித்து மறைத்துவிடுகின்றன. காவல்காரன் போனால் கேட்கவா வேண்டும்? குழாய் அடைபடும், சுவர் கசியும். ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டின் பிளான்டையர் நகரில் மூளை மலேரியா வந்த குழந்தைகளுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 2015-ல் வெளியான அந்த ஆய்வில், இறந்த 25 பேரில் 21 பேருக்கு மூளை கடுமையாக வீங்கியிருந்தது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. விரல் நுனியில் குத்தி எடுக்கும் ரத்தத்தில் ஓடுகிற அணுக்கள்தான் வரும்; ஒட்டிக்கொண்டவை வராது. ஸ்லைடில் கிருமி குறைவு என்றால் நோயும் குறைவு என்று நினைத்துவிடக் கூடாது.

பழைய மருந்தான குயினைன், வளர்ந்த கிருமியைத்தான் முக்கியமாகத் தாக்கும். ஆர்ட்டிசுனேட் ஊசியோ, ஒட்டுவதற்கு முன்பே இளம் கிருமியையும் கொல்லும். இந்தியா உட்பட 4 ஆசிய நாடுகளில் 1461 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2005-ல் வெளிவந்தது. குயினைன் பெற்றவர்களில் 100-க்கு 22 பேர் இறந்தார்கள். ஆர்ட்டிசுனேட் பெற்றவர்களில் 15 பேர்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அதனால் வீட்டுக்கு மட்டுமில்லை, தெருவுக்கே மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்வது என் வேலை. "காய்ச்சல்தான் விட்டுடுச்சே தம்பி, இன்னும் எதுக்கு மாத்திரை?" என்று கேட்பவர்களிடம் இந்தக் கொக்கிக் கதையைத்தான் சொல்கிறேன். சொன்னால் புரிந்துகொள்கிறார்கள். உங்கள் ஊரிலும் சீட்டைப் படிப்பவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள். காய்ச்சல் என்றால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை, மலேரியா என்றால் கடைசி மாத்திரை வரை மருந்து. நண்பர்களே, இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள்!

– இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல்