நின்ற வண்டி குலுங்கினால்

திரேஸ்புரத்தில் கருவாடு ஏற்ற நிற்கையில் பழைய டாடா 207 குலுங்குகிறதா? "பம்ப் போச்சு" என்றதும் பணத்தை நீட்டிவிடாதீர்கள். டீசல் பில்டர், ஓஸ் இணைப்புகளை முதலில் பாருங்கள். காற்று புகுந்தாலும் ஐடிலிங் தடுமாறும். என் வண்டியில் ஒரு செம்பு வாஷர்தான் காரணம். அதற்குள் பம்ப்பையே கழற்றிவிட்டார்கள்!

அதிலும் சரியாகாவிட்டால், எஞ்சின் ஓடும்போது ஒவ்வொரு நாசில் பைப் நட்டாக லேசாகத் தளர்த்தி, உடனே முறுக்கச் சொல்லுங்கள். நல்ல சிலிண்டரானால் குலுக்கல் கூடும். எதில் மாற்றமில்லையோ அங்கேதான் கோளாறு; அந்த நாசிலை மட்டும் டெஸ்டுக்கு அனுப்புங்கள். நாசில் நன்றாயிருந்தால் கம்ப்ரஷன் பார்க்க வேண்டும். நான்கிலும் குலுக்கல் ஒன்றுபோல் கூடினால் மவுண்டிங் ரப்பரைக் கவனியுங்கள்.

காமன்ரெயில் வண்டியில் இப்படித் தளர்த்தவே கூடாது. அழுத்தம் 1,000 பாருக்கு மேலும் போகும். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்துவிடும்.