பழைய வாள்பட்டறையைப் புதுப்பிக்கிறீர்களா? முதலில் மரத்தைப் பாருங்கள்

செங்கோட்டைப் பக்கம் தாத்தா காலத்து வாள்பட்டறை உங்கள் கைக்கு வந்திருக்கிறதா? ரம்பமும் பெல்ட்டும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். உத்திரம் போனால் போனதுதான். "உளுத்துப்போச்சு" என்ற ஒரு சொல்லை நம்பி நல்ல தேக்கு உத்திரங்களைக் கழித்துவிட்டு, பாலிஷ் போட்ட கானா தேக்கை வாங்கி ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

செய்ய வேண்டியவை

- பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு மரத்திலும் நம்பர் எழுதி, போட்டோ எடுங்கள். கழுந்தும் துளையும் ஜோடியாக வெட்டியவை. இடம் மாறினால் உட்காராது.
- ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கள். மேலே கறுத்திருந்தாலும் உள்ளே வைரம் கெட்டியாக இருக்கலாம். சுவருக்குள் போகும் முனைகளைக் கட்டாயம் பாருங்கள். ஈரம் அங்கேதான் தங்கும்.
- அழுகிய முனையை மட்டும் வெட்டி, அதே வகை மரத்தில் ஒட்டுப்போடுங்கள். மீதி நூறாண்டு மரம், அதை யாராலும் திருப்பித் தர முடியாது.
- என்ன மரம் என்று அனுபவமுள்ள ஆசாரியிடம் காட்டுங்கள். பழைய தேக்கெல்லாம் பர்மா தேக்கு அல்ல. செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரிலும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலுமாக இருந்தது. மலைக்கு அந்தப் பக்கத்துத் தேக்காகவும் இருக்கலாம். கேரளத்தின் நிலம்பூரில் 1840களிலேயே தேக்குத் தோட்டம் போட்டுவிட்டார்கள்.
- வீடு இடித்த மரத்தைப் பில்லோடு வாங்குங்கள். அறுக்கும் முன் மெட்டல் டிடெக்டரால் தடவுங்கள். உள்ளே ஒளிந்திருக்கும் ஒரு ஆணி ரம்பப் பல்லை உடைத்துத் தெறிக்கவிடும்.
- மாய்ஸ்சர் மீட்டர் 15 சதவீதத்துக்கு மேல் காட்டினால் காயவிடுங்கள். பச்சை மரம் பிறகு சுருங்கி இணைப்பைத் தளர்த்தும்.

செய்யக்கூடாதவை

- வெளிப்புற வெள்ளை உள்ள கட்டையை வாங்காதீர்கள். எந்த மரமானாலும் பூச்சி முதலில் அதைத்தான் தின்னும்.
- மர முனையைச் சிமென்ட்டில் புதைக்காதீர்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் அழுகும்.
- வேங்கையில் சாதா இரும்பு போல்ட் போடாதீர்கள். துவர்ப்பு மிகுந்த மரம், நனைந்தால் கறுத்துப்போகும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுங்கள்.
- பழைய எந்திரத்தின் பேபிட் உலோகப் பேரிங்கை நீங்களே உருக்கி ஊற்றாதீர்கள். பழைய கலவையில் ஈயம் இருக்கலாம். அச்சில் துளி ஈரம் இருந்தாலும் முகத்தில் தெறிக்கும்.
- பழைய வட்ட ரம்பத்தை விரிசல் பார்க்காமல், கவசம் மாட்டாமல் சுழற்றாதீர்கள்.
- வனத்துறையைக் கேட்காமல் ஒரு கட்டைகூட அறுக்காதீர்கள். கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவுகளுக்குப் பிறகு மர அறுவை ஆலை உரிமத்தில் கெடுபிடி அதிகம். தாத்தாவின் பழைய உரிமம் உங்களுக்குச் செல்லுமா என்று இன்றே வனத்துறை அலுவலகத்தில் கேளுங்கள்.