முள் இறங்குது மாமா

அன்புள்ள மருமகனுக்கு,

இடைசெவலில் இருந்து கடுதாசி எழுத எழுத்தாளர் கி.ரா. இருந்தார். அவர் எழுதினால் இலக்கியம், நான் எழுதினால் பாய்லர். உன் தலையெழுத்து அப்படி. பாதி ஆயுசை உன் லண்டன் குழாய்களோடு மல்லுக்கட்டிவிட்டு வந்தவனிடம் கேட்டால் இதுதான் வரும்.

நீ அனுப்பின படம் பார்த்தேன். ஈஸ்ட் ஹாமில் வாடகை வீடு, அடுப்படிச் சுவரில் பாய்லர், அடியில் வட்டமாக ஒரு கேஜ், முள் அரைக்கும் கீழே. "மூணு நாளைக்கு ஒருதரம் தண்ணி ஏத்தி ஓட்டிக்கிட்டிருக்கேன் மாமா, இப்படியே விடலாமா?" என்கிறாய். ஐப்பசியில் ஆரம்பித்தாயாம். இப்போது தை பிறந்தாச்சு. ஏற்றின தண்ணீரெல்லாம் எங்கே போகிறது என்று ஒருநாளாவது யோசித்தாயா? ராத்திரியோடு ராத்திரியாகக் கம்மாயில் ஒரு சாண் தண்ணி இறங்கினால் எங்கய்யா, அதான் உன் தாத்தா, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். மடையில் கசிவா, கரையில் நண்டு வளையா என்று பார்க்காமல் வீடு திரும்ப மாட்டார். அடுத்த மழை வந்து நிரப்பட்டும் என்று திண்ணையில் உட்கார்ந்தவர் இல்லை. அவர் பேரன் நீ, மழையாகவே மாறிவிட்டாய்.

முள் என்ன சொல்கிறது என்று முதலில் தெரிந்துகொள். 1 பார் என்பது சுமார் 10 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்று அழுத்துகிற அழுத்தம். ஊர் மேல்நிலைத் தொட்டியை நினைத்துக்கொண்டால் கணக்குப் பிடிபடும். வீட்டைச் சூடாக்குகிற தண்ணீரும் நீ குளிக்கிற தண்ணீரும் வேறு வேறு. முன்னது பாய்லருக்கும் ரேடியேட்டர்களுக்கும் நடுவில் மூடின குழாய்க்குள்ளேயே சுற்றுகிறது, வெளியே வரவே கூடாது. எல்லாம் ஆறிக் கிடக்கும்போது முள் 1-க்கும் 1.5-க்கும் நடுவில் நிற்க வேண்டும். சூடானதும் 2 வரை ஏறினால் பயமில்லை. நீ பாய்லர் சூடாக இருக்கும்போது பார்த்துத் திருப்திப்படுகிறாய், ஆறினபிறகு பார்த்துப் பதறுகிறாய். காலையில், பாய்லர் ஓடத் தொடங்கும் முன்னால் பார். அதுதான் கணக்கு.

"தண்ணிதானே மாமா, ஏத்தினா என்ன குறைஞ்சுபோச்சு?" என்பாய். குறைவது ரேடியேட்டரின் ஆயுசு. முதல்முறை நிரப்பின தண்ணீரில் இருக்கிற ஆக்ஸிஜன் இரும்பைக் கொஞ்சம் அரித்துத் தீர்ந்துவிடும். அப்புறம் அது செத்த தண்ணி, இரும்பை அதிகம் தொந்தரவு செய்யாது. துருப்பிடிக்காமலிருக்க அதில் மருந்தும் கலந்து வைத்திருப்பார்கள். நீ மூணு நாளைக்கு ஒருமுறை புதுத் தண்ணி விட்டால் புது ஆக்ஸிஜனும் உள்ளே போகிறது, மருந்தும் நீர்த்துப்போகிறது. லண்டன் தண்ணியின் சுண்ணாம்பு வேறு. கோவில்பட்டிப் பக்கத்து போர்வெல் தண்ணியில் வளர்ந்த உனக்கு உப்புப் படிகிறதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. துரு கறுப்புச் சேறாகி ரேடியேட்டரின் அடியில் தங்கும், பம்பை அடைக்கும், தகட்டில் ஊசித் துளை விழும். அப்புறம் மூணு நாளைக்கு ஒருதரம் என்பது தினமும் என்று ஆகும்.

அடுத்து உன் தாராள மனசுக்கு வருகிறேன். நீ 1.5-ல் நிறுத்தியிருக்க மாட்டாய். ரெண்டு நாள் கூடத் தாங்கட்டும் என்று 2.5 வரை ஏற்றியிருப்பாய். இல்லை என்று சொல்லு பார்ப்போம். 10 டிகிரித் தண்ணீர் 80 டிகிரிக்குச் சூடானால் நூற்றுக்கு மூன்று பங்கு பெருகும். பெருகினது போய் நிற்க ஒரு இடம் வேண்டும். அதற்குத்தான் எக்ஸ்பான்ஷன் வெஸல் என்று ஒரு உருண்டையோ தட்டையோ பாய்லருக்குள் இருக்கிறது. நடுவில் ரப்பர் திரை, ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் தண்ணீர். தண்ணீர் பெருகும்போது காற்று ஒதுங்கிக் கொடுக்கும். தண்ணீர் ஆறிக் கிடக்கிறபோதே நீ திணித்து வைத்தால் ஒதுங்க இடம் ஏது? முள் 3-ஐத் தொடும், பாதுகாப்பு வால்வு திறந்து தண்ணீரை வெளியே கொட்டும். ஆறினதும் பார்த்தால் முள் கீழே. நீ மறுபடி 2.5. ஆக, ஒழுக்கில் பாதி உன் கைங்கரியமாகவே இருக்கலாம்.

அதிலும் ஒரு வம்பு உண்டு. அந்த வால்வு ஒருதரம் திறந்தால் அழுக்குச் சிக்கிச் சரியாக உட்காராது, சொட்டிக்கொண்டே இருக்கும். நீ அளவாக ஏற்றியும் முள் சூட்டில் 3 வரை பாய்ந்து, ஆறினதும் சுழியத்துக்கு விழுந்தால் வெஸலில் காற்று இறங்கிவிட்டது என்று அர்த்தம். கார் டயரில் இருக்கிற அதே மாதிரி வால்வு அதில் உண்டு, ஃபிட்டர் வந்து காற்றடித்துக் கொடுப்பார். அந்த வால்வை அமுக்கும்போது காற்றுக்குப் பதில் தண்ணி வந்தால் ரப்பர் கிழிந்துவிட்டது, வெஸலை மாற்ற வேண்டியதுதான்.

சரி, தேடுவது எப்படி? வீட்டுக்கு வெளியே பாய்லருக்கு நேர் பின்புறம் சுவரில் ஒரு செம்புக் குழாய் நுனி எட்டிப் பார்க்கும். அதுதான் நான் சொன்ன பாதுகாப்பு வால்வின் வாய். ராத்திரி அதில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டு. காலையில் பையில் தண்ணீர் இருந்தால் திருடன் பிடிபட்டான். பக்கத்தில் பிளாஸ்டிக் குழாய் ஒன்று சொட்டுகிறதே என்று அதைப் பார்த்துக் கூச்சல் போடாதே. புகையில் இருக்கிற நீராவி குளிர்ந்து வருகிற தண்ணி அது. 2005 ஏப்ரலுக்கு அப்புறம் இங்கிலாந்தில் மாட்டின கேஸ் பாய்லர்களில் அநேகமாக எல்லாமே அந்த ரகம்தான், சொட்டத்தான் செய்யும். ஆனால் பாய்லர் நின்று கிடக்கிற வேளையிலும் அது ஓயாமல் சொட்டினால் உள்ளே வெப்பம் மாற்றுகிற பாகமே விரிசல் விட்டிருக்கலாம். அது பெரிய செலவு.

பை காலியாக இருந்தால் ரேடியேட்டர்களிடம் போ. ஒவ்வொன்றின் இரண்டு முனை வால்விலும் டிஷ்யூ காகிதத்தைச் சுற்றி வை. சூட்டில் கசிவது உடனே காய்ந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது, காகிதத்தில் பழுப்புக் கறை விழும். தரை விரிப்பின் ஓரம் ஓதம் ஏறியிருக்கிறதா, பலகைத் தரையில் எங்காவது உப்பல் இருக்கிறதா என்றும் பார். தண்ணி ஏற்றுகிற வெள்ளிப் பின்னல் குழாயின் இரண்டு முனைத் திருகையும் ஏற்றி முடித்ததும் மூட வேண்டும். நீ ஒன்றை மட்டும் மூடியிருப்பாய்.

இங்கேதான் உன்னைப் பற்றி எனக்கு நிஜமான பயம். யூடியூபில் எவனோ பாய்லர் மூடியைக் கழற்றிக் காட்டுகிறான் என்று திருப்புளியை எடுத்துவிடாதே. பல பாய்லர்களில் அந்த மூடியே புகையை அறைக்குள் விடாமல் அடைத்து வைக்கிற சீல். சரியாகப் பொருந்தாவிட்டால் கார்பன் மோனாக்ஸைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மூடிக்குள் கை வைக்கிறவர் கேஸ் சேஃப் பதிவுள்ளவராக இருக்க வேண்டும். 2009 ஏப்ரல் 1 முதல் அங்கே அந்தப் பதிவுதான் செல்லும். வருகிறவரின் அட்டையைக் கேட்டு வாங்கிப் பின்பக்கத்தைப் பார், எந்தெந்த வேலைக்குத் தகுதி என்று போட்டிருக்கும். கேட்கக் கூச்சப்படாதே. மூடிக்குள்ளிருந்தே தண்ணி வடிந்தால் சுவிட்சை அணைத்துவிட்டு அவரைக் கூப்பிடு. கேஸ் வாசனை அடித்தால் ஜன்னலைத் திற, எந்தச் சுவிட்சையும் தொடாதே, வெளியே வந்து 0800 111 999-க்குப் போன் பண்ணு.

"வீட்டுக்காரர் கோபிப்பாரே மாமா." கோபிக்கட்டும். வாடகை வீட்டில் சூடேற்றும் கருவியையும் வெந்நீர்க் கருவியையும் பழுதுபார்த்துத் தருவது வீட்டுக்காரர் கடமை என்று 1985-ஆம் வருசத்துச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் இருக்கிறது. வருசத்துக்கு ஒருதரம் கேஸ் கருவிகளைச் சோதித்து உனக்குச் சான்று தரவும் வேண்டும். 2022 அக்டோபரில் இருந்து பாய்லர் இருக்கிற அறையில் கார்பன் மோனாக்ஸைடு அலாரமும் அவர் வைக்க வேண்டியது. உன் வீட்டில் இருக்கிறதா? இதைக் கேட்டால் நீ கூரையைப் பார்ப்பாய், எனக்குத் தெரியும். இன்றைக்கே அவருக்கு எழுது. நீ பேசாமல் தண்ணி ஏற்றி ஏற்றி அவர் செலவை மிச்சப்படுத்திக் கொண்டிருக்கிறாய், மீதத்துக்கு அவர் உனக்கு நன்றி சொல்லப் போவதில்லை.

கசிவை அடைக்கிற மருந்து ஒன்று கடையில் விற்கிறது, ஊற்றலாமா என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறாய். ஊற்றாதே. சிறு கசிவுக்கு ஆகலாம், ஆனால் எங்கே ஒழுகுகிறது என்றே தெரியாதவன் எதை அடைக்கப் போகிறான்? அதுவும் அடுத்தவர் பாய்லரில்.

இங்கே மத்தியானம் மொட்டைமாடித் தொட்டித் தண்ணியில் கை வைக்க முடியவில்லை, தை மாதத்திலேயே. காசு கொடுத்துத் தண்ணியைச் சூடாக்குகிறார்கள் என்றால் டீக்கடையில் சிரிக்கிறார்கள். பையைக் கட்டிப் பார்த்துவிட்டு, காலையில் முள் எவ்வளவு, சூடானபின் எவ்வளவு என்று ரெண்டு எண்ணையும் எழுது. அடுத்த படத்தில் முள்ளை மட்டும் எடுக்காமல் கீழே தொங்குகிற குழாய்களும் தெரிகிற மாதிரி எடு. உங்கம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளை குளிரில் கிடக்கிறான் என்று தெரிந்தால் அக்கா கம்பளி வாங்க இப்போதே கோவில்பட்டிக்கு பஸ் ஏறிவிடுவாள்.

உன் மாமா